கொரோனா காலத்தில் பல் மருத்துவம் படித்தோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 2016இல் பி.டி.எஸ். சேர்ந்த பேட்ச். கடைசி வருடத்தின் பாதியில் ஊரடங்கு வந்தது, ஹவுஸ் சர்ஜன் ஆனதும் இரண்டாம் அலை வந்தது. ஆக, இரண்டு பக்கமும் அடி வாங்கிய கூட்டம் நாங்கள். இப்போது ஒரு சீனியர் டாக்டரின் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். ஜூனியர்கள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், சில நேரம் சேரில் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் நோயாளிகள்கூட கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. எந்தக் கல்லூரி என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

கொரோனாவில் எல்லாருக்கும்தானே படிப்பு கெட்டது, பல் மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் என்ன தனிக் கஷ்டம்?

எங்கள் படிப்பு கையில் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். மாணவர் கடைசி வருடம் வரை பெரும்பாலும் நோயாளியைப் பார்த்து, விசாரித்து, தொட்டுப் பரிசோதித்துக் கற்றுக்கொள்வார், கத்தியை அவர் கையில் யாரும் கொடுக்க மாட்டார்கள். பி.டி.எஸ்.ஸில் அப்படி இல்லை. மூன்றாம் வருடத்திலேயே ஊசி போட்டுப் பல் பிடுங்க ஆரம்பித்துவிடுவோம். பல் அடைப்பது, ஸ்கேலிங் (பல்லில் படிந்த கறையைச் சுத்தம் செய்வது), பல் செட் கட்டுவது எல்லாம் உயிருள்ள ஒரு ஆளின் வாயில், நாங்களே, எங்கள் கையால் செய்ய வேண்டும். நான்கு வருடப் படிப்பும் ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடிந்து கவுன்சிலில் பதிவு செய்துவிட்டால் மறுநாளே கிளினிக் திறந்து தனியாக உட்காரலாம், மேலே யாரும் நின்று பார்க்கப் போவதில்லை.

முதல் இரண்டு வருடம் அனாட்டமி, பார்மகாலஜி, லேப் வேலை என்று போய்விடும். நிஜமான கை வேலை கடைசி இரண்டு வருடத்திலும் ஹவுஸ் சர்ஜன் வருடத்திலும்தான். எங்கள் பேட்ச்சுக்கும் அதற்கு அடுத்த பேட்ச்சுக்கும் கொரோனா கை வைத்தது சரியாக அந்த இடத்தில். பாடத்தை யூடியூபில்கூடப் பார்த்துக்கொள்ளலாம், நோயாளியின் வாய்க்கு என்ன செய்வது?

பல் டாக்டர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று அப்போது சொன்னார்களே, அது உண்மைதானா?

பயம் நியாயமானதுதான். 2020 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் ஒரு வரைபடம் போட்டது, எந்த வேலையில் தொற்று அபாயம் அதிகம் என்று. அதில் பல் மருத்துவர்களும் பல் சுத்தம் செய்யும் பணியாளர்களும் உச்சியில் இருந்தார்கள். அந்தப் படம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த நாளில் நிறைய வீடுகளில் 'இந்தப் படிப்பே வேண்டாம், வீட்டுக்கு வா' என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

காரணம் எளிது. பல்லைக் குடையும் ஏரோட்டர் நிமிடத்துக்கு 3 லட்சம், 4 லட்சம் சுற்று சுற்றும். சூடாகாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். ஸ்கேலிங் செய்யும் கருவியும் அப்படித்தான், நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்தபடி தண்ணீர் தெளிக்கும். அந்தத் தண்ணீர் எச்சிலோடும் ரத்தத்தோடும் கலந்து புகை மாதிரி எழும், நம் முகம் அதிலிருந்து ஒரு அடி தூரத்தில். அதோடு கல்லூரி கிளினிக் என்பது தனி அறை கிடையாது, ஒரே கூடத்தில் வரிசையாக முப்பது நாற்பது சேர். ஒரு மூலையில் ஒருவர் ஸ்கேலிங் செய்தால் அந்தச் சாரல் பக்கத்துச் சேர்க்காரருக்கும் பங்கு.

ஆனால் பயந்த அளவுக்கு நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2020 ஜூனில் இரண்டாயிரத்துச் சொச்சம் பல் மருத்துவர்களிடம் எடுத்த கணக்கில், தொற்று வந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முகக்கவசம், ஷீல்டு, நல்ல சக்ஷன் (வாயில் சேரும் தண்ணீரையும் சாரலையும் உறிஞ்சும் குழாய்), இதெல்லாம் ஒழுங்காக இருந்தால் வேலை செய்யலாம் என்பது தெரியவந்தது. அது தெரியவந்து எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்வதற்குள் எங்களுக்கு ஒரு வருடம் போய்விட்டது, அதுதான் பிரச்சினை.

2020 மார்ச்சில் சரியாக என்ன நடந்தது?

17ஆம் தேதி கல்லூரியை மூடினார்கள். பத்து நாள் விடுமுறை என்று நினைத்து இரண்டு செட் துணியோடு ஊருக்குப் போனோம். 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. என் கருவிப் பெட்டி, வெள்ளைக் கோட், பாதி முடித்த ரெக்கார்டு நோட்டு, ஒரு தாத்தாவுக்குப் பல் செட் கட்டுவதற்காகச் செய்து வைத்திருந்த மெழுகு அச்சுகள், எல்லாம் லாக்கரில். அந்தத் தாத்தா கதை பின்னால் வரும்.

மே 19ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்கென்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் கிளினிக் மூடியே இருக்க வேண்டும், சிவப்பு மண்டலத்தில் அவசர சிகிச்சை மட்டும். அவசரம் என்றால் வீக்கம், நிற்காத ரத்தம், தாங்க முடியாத வலி, அடிபட்டது. அதையெல்லாம் அனுபவப்பட்ட டாக்டர்தான் பார்ப்பார், மாணவரை விட மாட்டார்கள். மாணவர்கள் கற்றுக்கொள்ளும் வேலைகள் (சின்னச் சொத்தை, சுத்தம் செய்வது, பல் செட்) அத்தனையும் 'தள்ளிப்போடலாம்' பட்டியலில் இருந்தன. எங்கள் பயிற்சி முழுக்கவே அவசரமில்லாத பல்லை நம்பி ஓடுவது என்று அப்போதுதான் புரிந்தது.

கல்லூரி மறுபடி திறந்தது டிசம்பர் 7. கிட்டத்தட்ட ஒன்பது மாதம்.

ஆன்லைனில் பல் மருத்துவம் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்?

தியரி நன்றாகவே நடந்தது, பொய் சொல்லக் கூடாது. கல்லூரியில் கடைசி பெஞ்சில் தூங்கிய பாடங்களை மொட்டை மாடியில் சிக்னல் தேடி உட்கார்ந்து கேட்டேன். சில ஆசிரியர்கள் தங்கள் சொந்த கிளினிக்கில் எடுத்த வீடியோக்களைக் காட்டி, நிறுத்தி நிறுத்தி விளக்கினார்கள், நேரில் பத்துப் பேர் தலைக்குப் பின்னால் எட்டிப்பார்த்ததைவிட அது தெளிவாகவே இருந்தது.

செய்முறைதான் காமெடி. 'பல்லைப் பிடுங்கும்போது எலும்பு கொஞ்சம் இளகிக் கொடுப்பதைக் கையில் உணர வேண்டும்' என்று மேடம் ஜூமில் சொன்னார்கள். எப்படி உணர்வது? கீழ்த்தாடைக்கு ஊசி போடும்போது முனை எலும்பில் போய் மெதுவாக முட்டும், அது முட்டாமல் மருந்தை ஏற்றக் கூடாது. அந்த முட்டுதலைப் பிபிடியில் சிவப்பு அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு நெட் கிடைக்காதது, ஒரே போனை தம்பி தங்கையோடு பங்கிட்டது, பெண் பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்றாலே வகுப்பு நடுவில் 'அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கோ' என்று குரல் வந்தது, இதெல்லாம் எல்லாப் படிப்புக்கும் பொதுவானது என்பதால் நீட்டவில்லை.

வீட்டிலேயே கைப்பயிற்சி எதுவும் செய்ய முடியாதா?

கொஞ்சம் முடிந்தது. பல் சீரமைப்புக்கான கம்பி வளைப்பதற்கு ஒரு இடுக்கியும் 0.7 மில்லிமீட்டர் கம்பியும் போதும். நான் ஆடம்ஸ் கிளாஸ்ப் (பல்லைக் கவ்விப் பிடிக்கும் கம்பிக் கொக்கி) வளைத்து வளைத்து டப்பா நிறைய வைத்திருந்தேன், அந்த ஒரு விஷயத்தில் எங்கள் பேட்ச் முந்தைய பேட்ச்சுகளைவிடக் கெட்டி என்று தைரியமாகச் சொல்வேன். ஜூனியர்கள் மெழுகு கிடைக்காமல் குளியல் சோப்பில் பல் செதுக்கினார்கள். மேல்பற்களைக் கண்ணாடியில் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும், இடம் வலம் மாறித் தெரியும், அதற்காக முகம் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே காகிதத்தில் கட்டம் வரையும் பயிற்சி ஒன்று உண்டு. கிறுக்குத்தனமாகத் தெரியும், ஆனால் உதவும்.

வேர் சிகிச்சை பழகுவதற்குப் பிடுங்கிய நிஜப் பற்கள் வேண்டும். வழக்கமாக ஊரில் தெரிந்த கிளினிக்குகளில் ஒரு பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தால் மாதக் கடைசியில் நிரப்பித் தருவார்கள். 2020இல் கிளினிக்குகளே மூடிக் கிடந்தபோது பல்லுக்கு எங்கே போவது? கல்லூரி திறந்த பிறகும் சில மாதம் பிடுங்கிய கடைவாய்ப்பல் ஒன்றுக்கு அவ்வளவு கிராக்கி. எனக்கு மூன்று கொடுத்த சீனியருக்கு இன்னும் பிரியாணிக் கடன் பாக்கி இருக்கிறது.

'கோட்டா' என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அது என்ன?

ஒவ்வொரு துறையிலும் இத்தனை கேஸ் முடித்திருக்க வேண்டும் என்று ஒரு எண்ணிக்கை இருக்கும். இத்தனை பல் பிடுங்கியது, இத்தனை அடைத்தது, இத்தனை பல் செட். ஒவ்வொரு படியையும் ஆசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதைத்தான் 'சைன் வாங்குவது' என்போம். கோட்டா முடியாவிட்டால் தேர்வுக்கு உட்கார விடமாட்டார்கள் என்பது வழக்கமான மிரட்டல்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம், நோயாளிகளை நாங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். வெளிநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர்கள் வலியோடு வருவார்கள், பிடுங்கச் சொல்வார்கள். முழு பல் செட்டுக்கான ஆள் தானாக வருவது அபூர்வம். பஸ் ஸ்டாப்பில், கோயில் வாசலில், ஹாஸ்டல் வாட்ச்மேனின் மாமனார் வரை விசாரிப்போம். வாயில் ஒரு பல்கூட இல்லாமல், ஈறு மேடு நன்றாக உயரமாக இருக்கும் ஒரு தாத்தா கிடைத்தால் அவரைத் தங்கம் மாதிரி பார்த்துக்கொள்வோம். பஸ் காசு நாங்கள் கொடுப்போம், மதியம் சாப்பாடும் வாங்கிக் கொடுப்போம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பல் செட் தேவைப்படுவது யாருக்கு? அறுபது எழுபது தாண்டியவர்களுக்கு, அதில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர். கொரோனாவில் வீட்டைவிட்டு வெளியே வரவே கூடாது என்று அரசாங்கம் கையெடுத்துக் கும்பிட்டது அதே ஆட்களைத்தான்.

ஊரடங்கு தளர்ந்த பிறகும் நோயாளிகள் ஏன் வரவில்லை?

முதலில் பஸ். 2020 ஆகஸ்ட் கடைசி வரை மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். செப்டம்பர் 1இல்தான் மாவட்டத்துக்குள் பஸ் ஓடியது, 7இல்தான் மாவட்டம் விட்டு மாவட்டம். எங்கள் கல்லூரிக்கு வருபவர்களில் பாதிப் பேர் பக்கத்து மாவட்டக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள்.

அடுத்தது காசு. இலவச சிகிச்சைதான், ஆனால் ஒரு பல் செட்டுக்குக் குறைந்தது ஐந்து தடவை வர வேண்டும்: முதல் அச்சு, இரண்டாவது அச்சு, தாடை அளவு, மெழுகில் வைத்துப் பார்ப்பது, கடைசியாக மாட்டுவது. ஐந்து நாள் கூலி போகும். ஊரடங்கு முடிந்து அப்போதுதான் வேலைக்குப் போக ஆரம்பித்தவர்கள் அதை விடுவார்களா?

மூன்றாவது பயம். அதில் ஒரு வேடிக்கையும் உண்டு, அவர்கள் எங்களைப் பார்த்துப் பயந்தார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்துப் பயந்தோம். விண்வெளி வீரர் மாதிரி உடுப்பு மாட்டிக்கொண்டு 'பயப்படாதீங்கம்மா' என்று நாங்கள் சொன்னால் எந்த அம்மா பயப்படாமல் இருப்பார்?

போதாக்குறைக்கு வந்தவர்களையும் முன்போல் வேகமாகப் பார்க்க முடியாது. ஒரு சேர் விட்டு ஒரு சேர்தான் பயன்படுத்தலாம். ஒவ்வொரு ஆளுக்கும் பிறகு ஹைப்போகுளோரைட் போட்டுத் துடைத்து, காற்று மாறும் வரை காத்திருந்து, அதன் பிறகே அடுத்தவர். முன்பு காலையில் நான்கு கேஸ் பார்த்த சேரில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு வரிசையில் எட்டு மாணவர்கள்.

பிபிஇ போட்டுக்கொண்டு வேலை செய்வது அவ்வளவு கஷ்டமா?

ஏப்ரல் மாதம், காற்றைச் சுற்றவிடக் கூடாது என்று ஏசி நிறுத்தம், மேலே ஓடும் ஃபேனும் நிறுத்தம். உள்ளே என்95, அதற்கு மேல் சர்ஜிக்கல் மாஸ்க், கண்ணாடி, ஷீல்டு, பிளாஸ்டிக் கோட், இரண்டு கையுறை. பத்து நிமிடத்தில் முதுகில் ஓடும் வியர்வை செருப்புக்குள் போய்ச் சேரும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பார்வைதான் போனது. வாய்க்குள் வைக்கும் சின்னக் கண்ணாடி எப்போதுமே மூச்சுக்காற்றில் மங்கும், இப்போது என் மூக்குக்கண்ணாடியும் ஷீல்டும் சேர்ந்து மங்கும். மூன்று பனிமூட்டம் தாண்டி அரை மில்லிமீட்டர் சொத்தையைத் தேட வேண்டும். இரண்டு கையுறை போட்டால் விரல் நுனியில் தொடு உணர்வு பாதி போய்விடும். நோயாளியிடம் ஒன்று சொல்வதென்றால் கத்த வேண்டும், காது மந்தமான பாட்டி என்றால் இன்னும் கத்த வேண்டும், நம் முகத்தைப் பார்க்க முடியாததால் அவர்களுக்குத் திட்டுகிற மாதிரி இருக்கும். 'ஏம்மா கோவப்படுற' என்று ஒரு ஆயா கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தேர்வை எப்படி நடத்தினார்கள்? சும்மா பாஸ் போட்டுவிட்டார்களா?

இல்லை. இந்த வதந்தியைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. தேர்வு தள்ளித் தள்ளிப் போனதே தவிர ரத்தாகவில்லை, தியரி எழுதினோம், வைவா (வாய்மொழித் தேர்வு) இருந்தது.

செய்முறையில் மாற்றம் இருந்தது என்பது உண்மை. வழக்கமாக ஒவ்வொரு துறைக்கும் சொந்தமாக ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போய், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும். தேர்வன்று காலையில் அந்த நோயாளி வருவாரா மாட்டாரா என்ற பதற்றத்தில் பாதி உயிர் போகும். எங்கள் மையத்தில் சில துறைகளில் நோயாளிக்குப் பதில் பொம்மைத் தலையில் மாட்டிய பிளாஸ்டிக் பல்லில் செய்யச் சொன்னார்கள். பொம்மை எச்சில் விடாது, நாக்கை நீட்டாது, வலிக்குது என்று கையைத் தட்டிவிடாது. அந்தத் தேர்வில் நல்ல மார்க் வாங்கினேன். அந்த மார்க்கை நான் ரொம்பப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

ஹவுஸ் சர்ஜன்களைக் கொரோனா வேலைக்கு அனுப்பினார்களா?

பல மாவட்டங்களில் பல் மருத்துவர்களைக் காய்ச்சல் முகாமுக்கும் சளி மாதிரி எடுக்கவும் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு நியாயமும் இருந்தது, தொண்டைக்குள் குச்சி விடும்போது ஓங்கரிக்காமல் எடுக்க எங்களுக்கு நன்றாகவே தெரியும், வாய்க்குள் வேலை செய்துதானே பழக்கம். நானும் கொஞ்ச நாள் போனேன். உபயோகமாக இருந்தோம் என்ற திருப்தி உண்டு. ஆனால் மாதிரி எடுத்த ஒவ்வொரு வாரமும் பல் பிடுங்கக் கற்றுக்கொள்ளாத ஒரு வாரம்தான், அந்த நாட்களைப் பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள், கையில் யாரும் சேர்க்கவில்லை.

கருப்புப் பூஞ்சையைப் பல் மருத்துவ மாணவர்கள் நேரில் பார்த்தீர்களா?

பார்த்தோம். இரண்டாம் அலையில், 2021 மே மாதத்தில், மியூகார்மைகோசிஸை (கருப்புப் பூஞ்சையின் மருத்துவப் பெயர்) அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழக அரசு சேர்த்த சமயம். பொதுவாகப் பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம் இருக்கும், வைவாவில்கூட அதிகம் கேட்க மாட்டார்கள்.

அது எங்களிடம் வருவது இப்படி: கொரோனா வந்து ஸ்டீராய்டு போட்டுக் குணமான ஒருவர், சர்க்கரை ஏகத்துக்கும் இருக்கும், 'மேல்பல் எல்லாம் திடீர்னு ஆடுது டாக்டர், கன்னம் மரத்த மாதிரி இருக்கு' என்பார். சொத்தை இருக்காது, அடியும் பட்டிருக்காது. ஈறில் சீழ், அண்ணத்தில் கருத்த திட்டு. வழக்கமான ஈறு நோய் என்று நினைத்து ஆடுகிற பல்லைப் பிடுங்கி அனுப்பினால் அங்கே நேரம் வீணாகும், அந்த நேரத்தில் பூஞ்சை கண்ணுக்கு ஏறும். அந்தப் பூஞ்சைக்கு மருந்தான ஆம்போடெரிசின் ஊசிக்கு நாடே அலைந்த நாட்கள் அவை.

உயிர் பிழைத்தவர்களில் பலருக்கு மேல்தாடையின் பாதியை எடுக்க வேண்டியிருந்தது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் சுவரே இல்லாமல் போய்விடும், தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும், பேசினால் புரியாது. அவர்களுக்கு அந்த ஓட்டையை அடைக்கும் ஆப்டுரேட்டர் என்ற தட்டு செய்ய வேண்டும். அச்சு எடுக்கும் முன் குழிக்குள் துணிப்பஞ்சு அடைப்போம், அது உள்ளே சிக்கிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு துண்டிலும் நூல் கட்டி வெளியே விட வேண்டும். நூல் கட்டும் வேலை என்னுடையது. முதல் தடவை தட்டை மாட்டியதும் ஒருவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, மூக்கைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை. மறுபடி குடித்தார், மறுபடி தொட்டுப் பார்த்தார். டம்ளர் காலியாகும் வரை இதையே செய்தார்.

முந்தைய பேட்ச் சீனியர்கள் ஐம்பது பல் செட் கட்டியிருப்பார்கள், இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மேற்படிப்புக்கு என்ன ஆனது?

அது தனிக் கொடுமை. நீட் எம்.டி.எஸ். தேர்வை 2020 டிசம்பர் 16இல் நடத்தி, அந்த மாதக் கடைசியிலேயே ரிசல்ட்டும் கொடுத்துவிட்டார்கள். கலந்தாய்வு தொடங்கியது 2021 ஆகஸ்டில், அதுவும் மாணவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், நீதிமன்றம் அரசைக் கண்டித்த பிறகு. எட்டு மாதம் ரேங்க்கைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாமா, காத்திருக்கலாமா, அடுத்த தேர்வுக்குப் படிக்கலாமா என்று தெரியாமல் கிடந்தார்கள். அடுத்த தேர்வும் 2022 மார்ச் 6 என்று சொல்லி மே 2க்குப் போனது. எங்களைப் போல பயிற்சி தாமதமாக முடிந்தவர்களுக்காக ஹவுஸ் சர்ஜன் முடிக்க வேண்டிய கடைசித் தேதியை ஜூலை 31 வரை நீட்டினார்கள், அது மட்டும் ஆறுதல்.

கிளினிக் இல்லாத காலத்துக்கும் முழு ஃபீஸ் வாங்கினார்களா?

எங்களிடம் வாங்கினார்கள். அதோடு பிபிஇ உடுப்பு எங்கள் செலவு.

பெரிய அளவில் வெடித்தது சிதம்பரத்தில். ராஜா முத்தையா மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகளை நடத்திய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013இலிருந்தே அரசு நிர்வாகத்தில் இருந்தும் ஃபீஸ் மட்டும் அரசுக் கல்லூரியைப் போல் பல மடங்காக, லட்சக்கணக்கில் இருந்தது. 2020 டிசம்பரில் ஆரம்பித்த மாணவர் போராட்டம் 50 நாட்களுக்கும் மேல் போனது, 2021 ஜனவரிக் கடைசியில் அந்தக் கல்லூரிகளை அரசு சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவந்தது. கொரோனா அதற்கு மூலகாரணம் இல்லை, ஆனால் வீட்டில் வருமானம் நின்ற வருடத்தில் யார்தான் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்கள்?

2020 பேட்ச்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்த முதல் பேட்ச், அதில் பி.டி.எஸ். இடங்களும் உண்டு. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு 2021 பிப்ரவரியில் முதல் வகுப்பு, இரண்டே மாதத்தில் இரண்டாம் அலை. உடல்கூறுக் கூடத்தைச் சரியாகப் பார்க்கும் முன்பே ஆங்கிலத்தில் ஓடும் ஆன்லைன் வகுப்பு என்றால் எப்படி இருந்திருக்கும்! அவர்களுக்கு என் சலாம், எங்கள் புலம்பல் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நேரடியாகவே கேட்கிறேன், கொரோனா பேட்ச் டாக்டரிடம் பல் காட்டலாமா?

காட்டலாம். படித்து முடித்து இவ்வளவு வருடம் ஆகிவிட்டது, விட்டதைப் பெரும்பாலோர் பிடித்துவிட்டோம். பாஸ் ஆன அன்றே போர்டு மாட்டாமல், சீனியர் டாக்டர்களிடம் சொற்பச் சம்பளத்துக்கு இரண்டு மூன்று வருடம் நின்றோம். என் முதல் டாக்டர் முதல் மாதம் என்னை ஏரோட்டரைத் தொடவே விடவில்லை, சக்ஷன் மட்டும் பிடி என்றார். அப்போது கோபம் வந்தது. இரண்டாவது மாதம் ஒரு கீழ்க் கடைவாய்ப்பல்லைக் காட்டி 'நீ பிடுங்கு, நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்' என்றார். நாற்பது நிமிடம் ஆனது. அவர் கையை அவிழ்க்கவே இல்லை.

ஒரு விஷயத்தில் எங்கள் பேட்ச் கொஞ்சம் மேல் என்றே நினைக்கிறேன்: கருவி கொதிகலனில் வெந்ததா, சேர் துடைத்தார்களா, ஏன் சர்க்கரை பார்க்கவில்லை என்று நாங்கள் நச்சரிக்கிற நச்சரிப்பில் கிளினிக் உதவியாளர்களுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது.

பயிற்சியில் இடைவெளி விழுந்திருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. என்ன செய்யலாம்?

முதலில் எது வரவில்லை என்று வெட்கப்படாமல் எழுதுங்கள். 'எல்லாமே வீக்' என்று எழுதாதீர்கள். 'மேல் கடைவாய்ப்பல்லில் கண்ணாடி பார்த்து வேலை செய்ய வரவில்லை', 'கீழ்த்தாடை ஊசி பத்துக்கு நாலு தடவை பிடிப்பதில்லை' என்கிற மாதிரி. அப்புறம் அந்த வேலை நிறைய நடக்கிற கிளினிக்காகத் தேடிச் சேருங்கள், சம்பளத்தைப் பிறகு பார்க்கலாம். வார இறுதி வொர்க்‌ஷாப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டாதீர்கள். அங்கேயும் பொம்மைப் பல்தான், சர்டிபிகேட் மட்டும் நிஜம். வரவில்லை என்றால் நோயாளியிடமே 'இதைப் பெரிய டாக்டர் பார்க்கட்டும்' என்று சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

இன்னொரு தொற்று வந்தால் கல்லூரிகள் என்ன செய்யலாம்?

என்னிடம் கேட்டால் மூன்றே விஷயம்தான். பொம்மைத் தலைகளை லேபில் பூட்டி வைக்காமல் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப வாங்கி, முறை வைத்துத் திறந்துவிடுங்கள். கூடத்தைச் சின்னச் சின்ன அறையாகத் தடுங்கள், ஜன்னலைத் திறக்கிற மாதிரி வையுங்கள், நல்ல சக்ஷன் ஒன்றே சாரலில் பெரும்பகுதியை இழுத்துவிடும். கோட்டா எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்காமல், ஒரே கேஸ் என்றாலும் மாணவர் அதைத் தனியாக, சரியாகச் செய்கிறாரா என்று பாருங்கள். ஐந்து பேர் சேர்ந்து பிடுங்கிய ஒரு பல்லுக்கு ஐந்து பேரும் சைன் வாங்கிய கதையெல்லாம் எங்கள் காலத்தில் நடந்தது. நானும் அந்த ஐந்தில் ஒருத்தி.

லாக்கரில் மெழுகு அச்சு வைத்த அந்தத் தாத்தா என்ன ஆனார்?

டிசம்பரில் லாக்கரைத் திறந்தால் அச்சுகள் கோடை வெயிலில் உருகிச் சப்பென்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. போன் போட்டேன், மகன் எடுத்து 'ஊசி வரட்டும், அதுக்கப்புறம் பாக்கலாம்மா' என்றார். நியாயம்தான்.

2021 அக்டோபரில், இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஒன்றரை வருடம் ஈறாலேயே மென்று பழகி, டீயில் நனைத்தால் முறுக்குகூடச் சாப்பிடுவாராம். வாயைப் பார்த்தால் ஈறு மேடு தேய்ந்திருந்தது, பழைய அளவு எதுவும் உதவாது, முதல் அச்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் அப்போது வாய் அறுவை சிகிச்சைப் போஸ்டிங்கில் இருந்தேன். கடைசி வருடத் தம்பி ஒருவன் பல் செட் கோட்டா ஒன்றுகூட முடிக்காமல், தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்க, வராண்டாவில் அலைந்துகொண்டிருந்தான். தாத்தாவை அவனிடம் கூட்டிப்போனேன்.

'ஏன் டாக்டரம்மா, நீ செய்யலையா?' என்று கேட்டார். 'இவன் என்னைவிட நல்லா செய்வான் தாத்தா' என்று பொய் சொன்னேன். ஐந்து தடவைக்கு ஏழு தடவை வரவேண்டியிருந்தது, பஸ் காசை நானும் அவனும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம். சைன் அவனுக்கு.